போதும்மா

எங்கள் அத்தைக்கு ஒரே ஒரு கீர்த்தனை தெரியும், அதுவும் முக்கால்வாசி. பல்லவியும் அனுபல்லவியும் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர், சரணத்துக்கு வருவதற்குள் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் அவளை அனுபல்லவியைத் தாண்ட விட்டதில்லை. "பாட்டு வருமா?" என்று அவர்களேதான் கேட்பார்கள். அத்தை பாயில் உட்கார்ந்து, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு தொடங்குவாள். கேசரித் தட்டு காலியாகும் நேரம் பார்த்து, வந்தவர்களில் மூத்தவர் யாராவது "போதும்மா" என்பார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று செருப்பைத் தேடுவார்கள். சொல்லி அனுப்பியவர்கள் கிடையாது. அத்தை நல்ல உயரம், நிறமும் கொஞ்சம் மட்டு. வந்த மாப்பிள்ளைகள் மட்டும் என்னவோ அச்சில் வார்த்தவர்களா என்ன? அதை யாரும் கேட்க முடியாது.

எனக்கு அப்போது ஏழு வயது. எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறை. எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒருநாள் இசை விழா நடக்கப்போவதாகவும், காலையில் நாதஸ்வரத்தில் தொடங்கிப் பொழுது சாய்கிற வரைக்கும் பாட்டுதான் என்றும் ஊரெல்லாம் பேச்சு. பெரியப்பாவுக்கு அதில் ஒரு யோசனை தோன்றியது. செட்டியார்பட்டியில் ஒரு வரன் இருந்தது.

"வீட்டுக்கு வரச்சொல்லி, பலகாரம் செஞ்சு வச்சு, பொறவு அவிய வேண்டாம்னு போனா தெருவே சிரிக்குது. கச்சேரியில தள்ளி நின்னு பாத்துட்டுப் போகட்டும். புடிச்சா வீட்டுக்கு வரட்டும். இல்லன்னா காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும்" என்றார்.

அவ்வளவு கூட்டத்தில் அத்தையை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதற்கும் பெரியப்பா வழி வைத்திருந்தார். மடியில் மஞ்சள் கவுன் போட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு எவள் உட்கார்ந்திருக்கிறாளோ, அவள்தான் பெண். அந்த மஞ்சள் கவுன் என்னுடையது. தீபாவளிக்குத் தைத்தது; அதற்குள் கக்கத்தில் பிடிக்க ஆரம்பித்திருந்தது. "ஏட்டி, அத்தை மடிய விட்டு இறங்குன, தொலைச்சிருவேன்" என்று சொல்லித்தான் அம்மா அதை எனக்கு மாட்டிவிட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை.

எங்களோடு பக்கத்து வீட்டு அக்காவும் வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்; அத்தைக்கு உயிர்த் தோழி. நல்ல சிவப்பு, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். விஷயம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் பெரியப்பாவின் திட்டமே என்பதால் அவளுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டுக் கேட்கப் போகிறோம் என்றுதான் அவளும் என்னைப் போல நம்பினாள்.

கீற்றுப் பந்தல் முழுக்க ஜனம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெரிய பெரிய மேசை விசிறிகள் வெந்நீர் ஆவி மாதிரியான காற்றை எங்கள் மேல் அடித்தன. அந்த வெயிலில் அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, அத்தை தலையைக் குனிந்தே இருந்தாள். யார் எங்கிருந்து பார்க்கிறார்களோ என்ற நினைப்பில் நாதஸ்வரம் அவள் காதில் ஏறியிருக்காது. எனக்கானால் ஒரே கொண்டாட்டம். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பி உப்பி வாசித்ததை நானும் செய்து பார்த்தேன்.

மத்தியானம் ஒரு அம்மாள் பாட வந்தார். அம்மா மோர் வாங்கப் போயிருந்த நேரம். அந்த அம்மாள் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கியதும் அத்தையின் உடம்பு விறைத்தது. மடியில் இருந்ததால் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பாட்டு! குனிந்த தலை நிமிர்ந்தது. என் தொடையில் அவள் விரல் தாளம் போட்டது. அனுபல்லவி முடிந்தது. நான் பழக்கதோஷத்தில் சத்தமாக, "போதும்மா" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள்.

"செத்த நேரம் இவளப் பாத்துக்கோ. சரணம் வருது" என்று சொல்லிவிட்டு எழுந்தவள், உட்கார்ந்திருந்த பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், மேடைக்குப் பக்கத்தில் மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு உயரத்தையும் அவள் ஒளிக்காமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது இரண்டு பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்தார்கள். என் கவுனைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மரியாதைக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அத்தை திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரம். "அழுதியா அத்தை?" என்றேன். "வேர்வைட்டி" என்றாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை சரணத்தை என் தலைக்கு மேல் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வரி மறந்துபோகும், கண்ணை மூடுவாள், வந்துவிடும்.

நாலைந்து நாளில் செட்டியார்பட்டியிலிருந்து ஆள் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறோம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெரியப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அத்தை கண்ணாடியை விட்டு நகரவில்லை. தன்னையும் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துப் பிடித்துப்போயிற்று என்று அவள் நம்பினாள். பாவம், அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் முழுசாக நம்பினாள்.

வெள்ளிக்கிழமை அக்காதான் வந்து அத்தைக்குத் தலை பின்னிவிட்டாள். அவர்கள் வந்தார்கள். அத்தை காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, "பொண்ண வரச்சொல்லுங்க" என்றாள்.

"இவதான் பொண்ணு" என்றார் பெரியப்பா.

அந்த அம்மாள் அத்தையைப் பார்த்தாள். பிறகு, உள்ளறை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தாள். "அப்ப அன்னிக்குப் பிள்ளைய மடியில வச்சிருந்த அந்தப் பொண்ணு?" என்று கையை நீட்டினாள்.

என் தோளிலிருந்த அக்காவின் கை நழுவியது. கொல்லை வழியாக அவள் ஓடிப்போனாள். அம்மா வந்து அத்தையின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் தவித்த மாப்பிள்ளையின் அப்பா, ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று, "பாட்டு வருமாம்மா?" என்றார்.

அத்தை பாயில் உட்கார்ந்தாள். பாடினாள். அனுபல்லவி முடிந்ததும் யார் சொல்லப் போகிறார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் நிமிர்ந்திருந்தாள். சரணத்தை எடுத்தாள். ஒரு வரிகூட மறக்காமல் கடைசிவரை பாடி முடித்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அத்தையை யாரும் பாடச் சொன்னதில்லை, அவளும் பாடவில்லை.

ஆனால் அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா அடுப்படியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, யாருமே போதும்மான்னு சொல்லல! முழுப்பாட்டும் கேட்டாவ! அத்தைக்குக் கல்யாணம்!" என்றேன்.

அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அத்தை புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாளே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "செட்டியார்பட்டி பக்கந்தானக்கா, நினைச்சா பஸ்ஸுல போயிரலாம்" என்று ஆறுதல் சொன்னேன்.