கறுத்துவிடுவேன் என்று வெயிலில் நின்றேன்

கடலூர் பக்கம் மீனவர் கிராமம் எங்களுடையது. பிறவியிலேயே என் தோலில் நிறமி கிடையாது, தலைமுடிகூட வெள்ளைதான். பிள்ளைகள் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். "வெயில்ல நில்லுடி, போவப்போவ கறுத்துடுவே" என்பாள் அம்மா. அதை நம்பி, வளர்ந்த பிறகும் கருவாடு காயும் மணலில் உச்சி வெயிலில் தலைக்குத் துணிகூடப் போடாமல் நின்றேன். கறுக்கவில்லை, சிவந்து, கொப்பளித்து, உரிந்தது.

சுனாமியில் அம்மா போய்விட்டாள். அதன்பின் காதில் ஒரு புண் வந்தது. மாதக்கணக்கில் ஆறாததைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. இரத்தம் கசிந்தபோதுதான் தனியாகப் பஸ் ஏறிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சதை எடுத்துச் சோதித்து, தோல் புற்றுநோய் என்றார்.

"வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்தாம்மா தோலைக் கெடுக்குது. மத்தவங்களுக்கு அவுங்க கறுப்பே ஓரளவு தடுப்பு. உங்களுக்கு அது இல்ல. எவ்ளோ நின்னாலும் கறுக்க மாட்டீங்க."

ஆரம்பக் கட்டம் என்பதால் வெட்டியெடுத்ததோடு தப்பினேன்.

இப்போது முழுக்கைச் சட்டையும், டாக்டரம்மா எழுதிக்கொடுத்த வெயில் தடுப்புக் களிம்பும் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. கருவாடு புரட்டுவது விடிந்ததும், பொழுது சாய்ந்ததும்தான். நடுப்பகலில் போக நேர்ந்தால் பெரிய கறுப்புக் குடை. அதன் கீழே இன்னொருவர் தாராளமாக நிற்கலாம். இதுவரை யாரும் நின்றதில்லை.