விளிம்பில் இருந்த போன் நம்பர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுவது என் வேலை. பத்தாவதோடு படிப்பை விட்டு அங்கே சேர்ந்தவன், இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். பின்பக்கம் மெஷினோடு உட்கார்ந்துவிட்டால் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதி.

பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதிது எடுக்க வருகிறவர்களும் உண்டு. அது எந்தக் காலத்துச் சாமான் என்று பார்க்க முதலாளி என்னிடம்தான் அனுப்புவார். வெட்டியிருக்கும் பேரை நான் முதலில் பார்க்க மாட்டேன். பேரை யாரும் எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். பட்டறைக்காரர் விளிம்பில் அடித்த முத்திரைதான் பேசும். எடையைக் கிலோவில் இல்லாமல் சேர் கணக்கில் கொத்தியிருந்தால் ரொம்பப் பழசு. விற்ற கடையின் போன் நம்பர் இருந்தால் எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார்ப்பேன்; இலக்கம் குறையக் குறையப் பழசு.

தங்கையின் கல்யாணம் முறிந்து இரண்டு வருடம் கழித்து, சீர் சாமான்களைத் திருப்பித் தருவதாகச் சிதம்பரத்திலிருந்து அவள் மாமியார் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினோம். கடலூரில் ஆபீஸ்கள் பக்கம் காலை வேளையில் பொங்கல் போட்டு விற்கலாம் என்று அவள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

"கட்டில், பீரோ எல்லாம் அவுங்களே வெச்சிக்கட்டும். வெண்கலப் பானை மட்டும் வந்தாவணும்ணா. அதுல பொங்குனா அடியே புடிக்காது" என்றாள் பஸ்ஸில்.

அந்தப் பானையைச் சீருக்கு எடுத்தவன் நான்தான். அது புதுசு இல்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து யாரோ கடையில் போட்டுவிட்டுப் போனது. இப்போதைய வார்ப்பைவிடக் கனமானது என்பது ஒரு காரணம். விலை குறைவு என்பது இன்னொரு காரணம். பழைய பேரை அரத்தால் ராவி, மெருகு போட்டு, தங்கையின் பேரை வெட்டி, புதுசென்று வரிசைத் தட்டுகளோடு வைத்தேன். சீரில் யாரும் பழசு வைக்க மாட்டார்கள். அப்பாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

சிதம்பரம் வீட்டுக் கூடத்தில் சாமான்களைப் பாயில் பரப்பியிருந்தார்கள். தங்கையின் கணவர் மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா நாற்காலியில். அந்த அம்மாவின் தம்பிதான் லிஸ்ட்டைப் படித்தார். டெலிபோன் டிபார்ட்மென்ட்டில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அண்டா, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் தள்ளினார். பானை வந்ததும் அந்த அம்மா கையை நீட்டி மறித்தார்.

"இது எங்க அம்மா வூட்டுப் பானை. இவ பேர வெட்டி வெச்சிக்கினா ஆச்சா?"

"அத்தே, இது என் சீர்ல வந்தது" என்றாள் தங்கை.

"பேர் வெட்டுறதுக்கு என்னா, அவங்க அண்ணன் மெஷினே வெச்சிருக்காரே."

லைன்மேன் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பானையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விளிம்பைத் தடவினார். அவர் விரல் நின்ற இடம் எனக்குத் தெரியும்.

"முத்திரைல போன் நம்பர் கீது. மூணே நம்பர்!" என்று சிரித்தார். "நான் சர்வீஸ்ல சேந்தப்பவே மூணு நம்பர் போயிடுச்சு. ஒங்க கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன் கைலகூட செல்போன் இருந்துச்சும்மா. இது எங்கக்கா சொல்ற காலத்துப் பானைதான். தம்பி, நீங்க தொழில் தெரிஞ்சவரு. நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கடையில் யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தங்கை என் சட்டைக் கையை இழுத்தாள்.

"சொல்லேண்ணா. நீதான வாங்குன?"

பேசாமல் இருந்தால் பானை போய்விடும். பேசினால் என் மானம் போய்விடும். சொம்பில் வைத்திருந்த தண்ணீரைக் குடித்தேன்.

"பழசுதான்" என்றேன். தங்கையின் கை சட்டையை விட்டது.

"பாத்தியா!" என்றார் அந்த அம்மா.

"இருங்கம்மா. பழச வாங்கி நான்தான் சீர்ல வெச்சேன். மொத இருந்த பேர ராவுனதும் நான்தான். முழுசா ராவுனா அந்த எடத்துல பானை தேஞ்சிடும்னு வுட்டுட்டேன். பானை மாமா கைலயே இருக்கட்டும், நான் தொட மாட்டேன். தங்கச்சி பேருக்குக் கீழ, சாச்சுப் பாத்தா 'சீ'ன்னு ஒரு எழுத்து தெரியும். அதுக்குப் பக்கத்துல பாதி 'மு'. ஒங்க அம்மா பேரா, ஒங்க வூட்ல யார் பேராவதான்னு பாருங்க."

மாமா பானையைச் சாய்த்தார். நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார். மெதுவாக அக்காவிடம் கொண்டுபோய், நகத்தால் அந்த இடத்தைக் காட்டினார்.

"சீன்னுதான் கீது. நம்ப வூட்ல 'சீ'ல யாருக்கா?"

அந்த அம்மா வெகுநேரம் யோசித்தார். பொய் சொல்ல வந்தவராக எனக்குத் தோன்றவில்லை. அவர் அம்மா வீட்டிலும் இதே போல ஒரு பானை இருந்திருக்க வேண்டும். "யாரும் இல்ல" என்று கையைப் பின்னுக்கு எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப பழம்பானைய வெச்சுத்தான் பொண்ணக் கட்டிக் குடுத்தீங்க?"

"சீர்ல செகண்ட் ஹேண்டு வெச்ச வூட்ட இப்பதான் பாக்குறேன்" என்றார் மாமா. மூலையிலிருந்த தங்கையின் கணவர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து, சிரித்தார். நான் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா லிஸ்ட்டில் பானைக்கு நேரே டிக் அடித்தார்.

திரும்பும்போது பெரிய சாமான்களை மினி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பானையையும் விளக்குப் பையையும் மட்டும் பஸ்ஸில் எடுத்து வந்தோம். தங்கை பானையை மடியில் வைத்திருந்தாள். பரங்கிப்பேட்டை விலக்கு தாண்டும்வரை அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"குத்துவெளக்கும் அப்பிடித்தானா?"

"ஐயோ, அது புதுசும்மா. சத்தியமா புதுசு."

அவள் பையிலிருந்து விளக்கின் அடித்தட்டைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, என் முன்னால் நீட்டினாள்.

"எங்க பாக்கணும்? காட்டு."

நான் முத்திரை இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து, போன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக எண்ண ஆரம்பித்தாள்.