இடது டயரின் உள்பக்கம்

எங்கள் ஊரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட ஆம்பளை எவனும் ஊரில் தங்கவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, துபாய்க்கோ குவைத்துக்கோ கிளம்பிவிடுவான். என் கணவர் அதற்கும் முன்பே சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அவர் அனுப்பியதில் ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். வலங்கைமானைச் சுற்றி நாற்றுக்கட்டும் நெல் மூட்டையும் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. வேலைக்கு வைத்த டிரைவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். கடைசி ஆள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கே, இனி நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன்.

லைசென்ஸ் எடுத்தேன். ஓட்டினேன். "களை எடுத்த கை ஸ்டியரிங் புடிக்குது பாரு" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். எடுத்த கைதான், அதிலென்ன வெட்கம்? எங்கள் தெருவே பெரிய வீட்டு வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்த தெரு. அந்தக் கைதான் இப்போது கியர் போட்டது. சிரித்தவர்கள் நெல்லையும் அதே வண்டியில்தான் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றினேன். மூட்டை அவிழ்ந்து ஒரு மணி சிந்தவில்லை.

ஆனால் டயர் தேய்ந்தது. முன்பக்கம் இடது டயரின் உள்பக்கப் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, மொழுமொழுவென்று ஆகி நூல் தெரிந்தது. வெளிப்பக்கம் புதிது போல இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன். வண்டி என் கையில் இருப்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து போன் வந்ததும் என் கையிலிருந்து செல்லை வாங்கி, "பொம்பளை ஓட்டுனா டயரு ஒரு பக்கமாத்தான்டா தேயும். வித்துடு, வாங்க ஆளு இருக்கு" என்றார்.

போன் என்னிடம் திரும்பி வந்தபோது என் கணவரின் குரல் இறங்கியிருந்தது. "புது டயரு போடு. இந்த அறுப்பு முடியறதுக்குள்ள அதுவும் அப்புடித் தேஞ்சா அண்ணன் சொல்றபடி வித்துடலாம்."

நான் ஓட்டுவதுதான் குற்றம் என்று அவரும் நம்பிவிட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வண்டி போனால் எனக்கு மறுபடி என்ன இருக்கிறது? மூத்தார் வீட்டு வாசலில் நின்று கைச்செலவுக்குக் கேட்பதுதான். செத்தாலும் அது நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடது பக்கம் முன்னும் பின்னும் புது டயர் போட்டேன். மறுநாளிலிருந்து காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோதே காற்றை அளந்து பார்த்தேன். காற்று குறைந்து ஓடினால் இரண்டு ஓரமும் தேயும், கூடிப்போனால் நடுப்பகுதி தேயும். என் டயரில் ஒரே ஓரம்தான் தேய்ந்திருந்தது. ஆகவே காரணம் காற்று இல்லை. மயிலாடுதுறைக்குப் போய், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தேன். சக்கரம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது என்று கடைக்காரர் சரி செய்தார்.

"எங்கயாச்சும் இடிச்சீங்களா?"

"இல்லைங்க."

"அப்படின்னா ஓட்டுறவங்களைப் பொறுத்ததுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். சிங்கப்பூரிலும் இதே பேச்சு, மயிலாடுதுறையிலும் இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வாரம் கழித்து இடது டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். உள்ளிருந்து வெளியே போகும்போது வழுக்கியது, திரும்பி வரும்போது ரம்பமாக அறுத்தது. மறுபடி ஆரம்பித்துவிட்டது. கோபத்தில் வண்டிக்கு அடியிலேயே சாக்கை விரித்துப் படுத்துவிட்டேன். அப்போதுதான் பின்பக்கத்து இடது டயரைப் பார்த்தேன். அதன் உள்பக்கச் சுவரெல்லாம் கீறல். அங்கங்கே ரப்பர் பெயர்ந்திருந்தது. வலது பக்கம் இரண்டு டயரிலும் ஒரு கீறல் இல்லை.

அலைன்மென்ட் மட்டும்தான் கோளாறு என்றால் முன் டயரோடு போயிருக்கும். பின் டயரைக் கீறியது வேறு ஏதோ. மறுநாள் அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஓட்டினேன்.

எங்கள் ஆற்றங்கரைச் சாலை ஒரு வண்டி அகலம். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு ஒரு ஜாண் உயர்த்திவிட்டார்கள். ஓரத்தில் ஒரு கூடை மண் போட ஆளில்லை. எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கினால்தான் சிரமமில்லாமல் கடக்க முடியும். அன்றைக்கு எதிரே கார் வந்தது, நான் இறக்கினேன். கார் இறங்கவில்லை. மினிபஸ் வந்தது, நான் இறக்கினேன். பெரிய வீட்டு டிராக்டர் வந்தது, தூரத்திலேயே இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தார் விளிம்பு இடது டயர்களின் உள்பக்கத்தை உரசி உரசித்தான் என்னை மேலே விட்டது. அந்த இடியில்தான் அலைன்மென்டும் போனது.

இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அப்பா சைக்கிளில் போனவர். எதிரே பெரிய வீட்டு ஆட்கள் வந்தால் இறங்கி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஒதுங்கி நிற்பார். சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்கு அழுகையாக வரும், நான் இப்படி நிற்கவே மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். நான்கு சக்கரம் வைத்துக்கொண்டு அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மறுபடி மயிலாடுதுறைக்குப் போய் அலைன்மென்டைச் சரி செய்தேன். டயர்களை முன்னது பின்னதாக மாற்றிப் போட்டேன். அடுத்த நாள் நெல் ஏற்றி வரும்போது பெரிய வீட்டு டிராக்டர் எதிரே வந்தது. தாரின் நடுவிலேயே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.

"எறக்கும்மா!" என்று கத்தினார் டிரைவர்.

"நீங்க ஒரு சக்கரம் எறக்குங்க, நானும் ஒண்ணு எறக்குறேன்."

"யாரு வண்டின்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. இது யாரு வண்டின்னு உங்களுக்குத் தெரியுதா? என்னுது."

எனக்குப் பின்னால் மினிபஸ் ஹார்ன் அடித்தது. டிராக்டருக்குப் பின்னால் பைக்குகள் சேர்ந்தன. நான் சாவியைத் தொடவில்லை. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். நானும் சொன்னபடி இறக்கினேன், மெதுவாக, விளிம்பை உரசாமல். ஏறும்போதும் சக்கரத்தை நன்றாக வளைத்து ஒரே தூக்கில் ஏறினேன். அன்று சாயங்காலமே திமிர் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆமாம், திமிர்தான். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் நான் மட்டும் ஒதுங்குவதை விட்டேன்.

அறுப்பு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது மூத்தார் வண்டி அருகே குந்தினார். நான்கு டயரையும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தடவிப் பார்த்தார். டார்ச் அடித்து உள்பக்கம் பார்த்தார்; பழைய கீறல்தான் இருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை.

"தேயலடா" என்றார் போனில். டார்ச்சை அணைத்துவிட்டு, "சரி, வண்டி அது கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னு நீங்க சொல்ல வேணாம் மாமா. அது என்கிட்டதான் இருக்கும்" என்றேன், சிங்கப்பூருக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து என் கணவரின் சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்புக்காக, அண்ணன் பேச்சை நம்பியதை அன்றைக்கு மன்னித்தேன்.

போனை வைத்ததும், கடைத்தெரு வரைக்கும் வருகிறேன் என்று மூத்தார் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆற்றங்கரையில் பாதி தூரம் போனதும் எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்தது. அவர் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

"பெரிய வீட்டுக் காரும்மா. எறக்கு, எறக்கு."

"டயரு தேயும் மாமா" என்றேன்.