செல்வராணி கேட்ட ஒரே ஒரு தாள்

மலேசியாவின் சிகாமட் ஊரில் கைப்பேசி பழுது பார்க்கும் செல்வராணிக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வோம். அடுத்த கடையில் தையல் மெஷின் போட்டிருக்கும் நான்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளம் வடிந்த வாரம், நனைந்து செத்த கைப்பேசியைச் சந்திரமதி அவளிடம் கொடுத்துப் போனாள். நிவாரண அரிசி மூட்டைகள் ஒரு பெரிய மனிதர் வீட்டில் அடுக்கியிருந்த படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியவள் இந்தச் சந்திரமதிதான். படத்தை எடுத்துக் கொடுத்தவர் ஓர் அலுவலகக் கிளார்க். அவர் பெயர் அந்தக் கைப்பேசிக்குள் இருந்தது. வெளியே தெரிந்தால் அவர் வேலை அம்போ.

மறுநாளே கமலநாதன் என்ற அதிகாரி வந்தார். அரிசியைத் தேடி என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். படம் கொடுத்தவரைத் தேடி.

“அக்கா, அந்தப் போன் சரியானதும் மெசேஜ் எல்லாம் காப்பி பண்ணிக் குடுங்க.”

“வாரண்ட் இருக்கா சார்?”

“சும்மா பார்க்கத்தான் லா. இதுக்குப் போயி வாரண்டா?”

செல்வராணி ரசீது எழுதுவது பள்ளி நோட்டுப் புத்தகத்தில். அதைத் திருப்பி, பின்னட்டையில் இருந்த, நாட்டுக் கோட்பாடான ருக்குன் நெகாரா உறுதிமொழியைக் காட்டினாள். “அரசியலமைப்புச் சட்டத்த மதிப்போம்னு ஸ்கூல்ல கையத் தூக்கிச் சொன்னோமே. நீங்க அன்னிக்கு மட்டம் போட்டுட்டீங்களா சார்?”

அவர் போனதும் நான் அறிவுரை வழங்கினேன். “மறைக்க ஒண்ணும் இல்லைன்னா என்னம்மா பயம்?”

உடனே கையை நீட்டினாள். “அப்ப உங்க போனக் குடுங்கண்ணே, பார்ப்போம்.”

என் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. வெட்கங்கெட்ட கை.

அதன்பின் அவள் கடைமேல் மேலிடத்துக்குத் திடீர்ப் பாசம். பெயர்ப்பலகையை அளந்தார்கள். தீயணைப்புக் கருவியை முகர்ந்து பார்க்காத குறைதான். உரிமம் போய்விடும் என்றார்கள். பயத்தில் தூங்காமல் கண் வீங்கி வந்தாள், ஆனால் கொடுக்கவில்லை. வாரண்ட் தாளும் வரவில்லை. அதை வாங்க நீதிமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டுமே! சந்திரமதி கைப்பேசியை வாங்கிப் போனாள். கிளார்க் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

போன வாரம் கமலநாதன் மறுபடி வந்தார். கையில் தாள் இல்லை. கழிவறையில் விழுந்த அவருடைய சொந்தக் கைப்பேசி இருந்தது. வரும் வழியில் இதே வேலை பார்க்கும் கடைகள் நாலைந்து உண்டு.

“அக்கா, யார் வந்து கேட்டாலும் காட்ட மாட்டீங்கதானே?”

“வாரண்ட் இல்லாம காட்ட மாட்டேன் சார்.”

அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.