இரண்டு மணி வகுப்பில் இறையாண்மை

போட்டித் தேர்வு மையத்தில் அரசியல் அறிவியல் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்: கணக்குக்குக் காலை வகுப்பு, நமக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். விழுப்புரத்தில் அறை எடுத்துத் தங்கி, திண்டிவனம் மையத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். என்ன நடத்துகிறாய் என்று அம்மா முகையூரிலிருந்து போனில் கேட்பாள். நான் விளக்கத் தொடங்கியதும் சாப்பிட்டாயா என்று பேச்சு மாறிவிடும்.

யாருடைய சொத்து

பாஸ்போர்ட் நம் கையில் இருந்தாலும் அது இந்திய அரசின் சொத்து என்று ஒருநாள் சொன்னேன். பாதித் தூக்கத்தில் இருந்த வகுப்பில் கோட்டக்குப்பத்து நஸ்ரின் மட்டும் நிமிர்ந்தாள். அவள் அண்ணன் வளைகுடாவில் டிரைவர். போய் இறங்கியதுமே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாராம். அங்கே அதுதான் வழக்கமாம். ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்கு விடவில்லை.

"கவர்மெண்ட் சொத்துன்றீங்க. அது எப்படி சார் அந்தாளு பீரோவுல கெடக்குது?"

கைடில் உள்ள பதில்

தூதரகம் நம் நாட்டு மண் என்று எங்கள் மையத்தின் கைடில் இருக்கிறது. அப்படியானால் அண்ணன் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விடலாமா என்று நஸ்ரின் கேட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. மண் அந்த நாட்டுடையதுதான், அனுமதி இல்லாமல் அவர்கள் போலீஸ் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான், விமானம் ஏற அந்த நாடு விட வேண்டும் என்று வகுப்பிலேயே சொன்னேன். யாரோ அதை மைய உரிமையாளரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"தம்பி, ஆன்சர் கீயில இருக்கறதுதான் சர்வதேச சட்டம். ஜல்தியா போர்ஷனை முடிங்க."

பொதுமன்னிப்பு

அண்ணன் தூதரகத்துக்குப் போய்விட்டார். ஆள் ஓடிவிட்டான் என்று முதலாளி போலீசில் புகார் கொடுத்துவிட்டார். நஸ்ரின் வகுப்புக்கு வருவது நின்றது. அண்ணன் என் பேச்சைக் கேட்டுப் போனாரா, கேட்காமல் போனாரா என்று தெரியவில்லை. போன் செய்யலாமா என்று எடுத்து எடுத்து வைத்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு மதியம் வந்தாள். விசா இல்லாமல் தங்கியவர்களுக்கெல்லாம் அந்த நாடு பொதுமன்னிப்பு அறிவித்ததாம். தூதரகம் கொடுத்த தற்காலிகப் பயணச் சான்றோடு அண்ணன் வீடு வந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மன்னிக்கிற அதிகாரமும் இறையாண்மையின் அடையாளம்தான் என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"அண்ணன் சாப்பிடாம உக்காந்துகினு கேக்குது சார், நான் இன்னா தப்பு பண்ணேன்னு மன்னிச்சாங்கன்னு."

உலக நாடுகளையெல்லாம் ஒரே போர்டில் அடக்கிக் காட்டுகிற நம் தொழிலில், கேட்டவர் எழுந்து போன பிறகுதான் பதிலை யோசிக்க நேரம் கிடைக்கிறது, அதுவும் விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டு.