மூன்றாம் ரியாக்டரும் என் அக்கறையும்

என் கை சும்மா இருக்காது. சொட்டாத குழாயைக்கூட ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தே வீட்டில் மூன்று குழாய்களுக்குக் கதை முடிந்தது. இப்படிப்பட்ட ஆளை ஓர் ஆய்வுக்கூடம் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. கருவிகளின் இணைப்புப் பழுதைச் சரிசெய்வது என் வேலை.

எங்களிடம் நான்கு ரியாக்டர்கள் உண்டு. பெயர்தான் பெரிது, பார்த்தால் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி. உள்ளே நுண்ணுயிர்கள் வளரும். மோட்டார் கலக்கும், ஹீட்டர் சூடு காக்கும், பம்ப் வேளாவேளைக்குச் சத்துநீர் ஊட்டும். பம்ப்பை ஏவுவது பக்கத்துக் கணினி, ஒரே ஒரு கேபிள் வழியாக. அந்த இணைப்பு விட்டுப்போனால் பம்ப் நின்றுவிடும், உள்ளே இருப்பவை பட்டினி.

மூன்றாம் ரியாக்டர் டீச்சருடையது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு முப்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். ஒரே நுண்ணுயிரை அறுபது நாள் இடைவிடாமல் வளர்த்து அது எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் முயற்சி முப்பத்தோராம் நாள் செத்துப்போனது. இது இரண்டாவது. "இதுவும் போச்சுன்னா அவ்வளவுதாண்ணா. அதுக்கப்புறம் ஆராய்ச்சிக்கு எனக்கு அவகாசம் கிடையாது" என்று ஒருமுறை சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. தொடக்கத்திலிருந்தே மற்ற மூன்றையும் விட அதன்மேல்தான் என் கண், அன்றிலிருந்து இன்னும் அதிகம்.

ஆனால் அதுதான் தினமும் படுத்தியது. காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் இணைப்பு விட்டுப்போகும். நான் ஓடிப்போய் கேபிளைக் கழற்றி, ஊதி, அழுத்தி மாட்டுவேன். இணைப்பைக் காட்டும் பச்சை விளக்கு எரியும். "அண்ணா கை பட்டாலே போதும்" என்பார் டீச்சர். நான் இரண்டு அங்குலம் வளர்ந்து என் இடத்துக்குத் திரும்புவேன்.

காரணம் மட்டும் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று ஒப்புக்கொள்ளும் ஆளா நான். லிஃப்ட் மோட்டார் என்றேன். பக்கத்து அறை குளிர்பெட்டி என்றேன். கடைசியில் மென்பொருள்காரரின் சட்டையைப் பிடித்தேன்.

"அண்ணே, நாலுக்கும் ஒரே ப்ரோகிராம்தான். மத்த மூணும் ஏன் விழல?"

"அது அததோட நேரம்" என்றேன். அறிவியல் கூடத்தில் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா இது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் விழுவதில்லை என்றும் கேட்டார். ஞாயிறு லிஃப்ட் ஓடாது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

நாற்பத்தைந்தாம் நாள் என் மனைவிக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தேன். நான் இல்லாமல் டீச்சர் திண்டாடுவாரே என்று மணிக்கொரு தரம் போன் செய்தேன்.

"ஒரு தடவகூட விழலண்ணா. நீங்க அண்ணியப் பாருங்க."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு வருத்தமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் மனைவி, "ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு? எனக்கு ஏதாவது ரிப்போர்ட் வந்திருக்கா?" என்று பயந்துவிட்டாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பதரைக்கு வேலைக்குத் திரும்பினேன். வழக்கம்போல் முதல் வேலையாக மூன்றாம் ரியாக்டரின் கேபிளை மூன்று முறை கழற்றி மாட்டிச் சோதிக்கக் கை நீண்டது. மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறைதான் இந்தச் சோதனை. இதற்கு மட்டும் தினமும், ஏனென்றால் டீச்சர்மேல் எனக்கு அக்கறை. கை பாதி வழியில் நின்றது.

உட்கார்ந்து கணினியின் பதிவுகளைப் புரட்டினேன். நான் லீவு போட்ட நாட்களில் விழவில்லை. ஞாயிறுகளில் விழவில்லை. நான் சோதித்த நாட்களில், சோதித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விழுந்திருக்கிறது. அந்த வகைக் கேபிள் முனையை அளவுக்கு மேல் கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுப்பவனே நான்தான். காலையில் சோதித்துவிட்டு மெல்ல மாட்டிவிட்டுப் போவேன், மோட்டார் அதிர்வில் அது நழுவும். பிறகு பதறிப்போய் அழுத்தி மாட்டுவேன், அது மறுநாள் நான் வரும்வரை நிற்கும்.

இன்னும் பின்னால் புரட்டினேன். முதல் முயற்சியின் கடைசிச் சனிக்கிழமை. ஒன்பதரைக்கு என் சோதனை. பத்து மணிக்கு நான் அரை நாள் லீவில் கிளம்பியிருக்கிறேன். பத்து இருபதுக்கு இணைப்பு போயிருக்கிறது. டீச்சர் காய்ச்சலில் வீட்டில். திங்கள்வரை யாரும் பார்க்கவில்லை.

மறைத்திருக்கலாம். கேபிள் பழசு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. டீச்சர் கையில் தேநீரோடு உள்ளே வந்தார். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப அந்த முப்பத்தோரு நாளு?"

"அதுவும் நான்தான் டீச்சர்."

அவர் குனிந்து ஜாடியைப் பார்த்தார்.

"இப்ப கேபிள மாத்த முடியுமா?"

"பம்ப்பையே பிரிக்கணும், ரியாக்டர நிறுத்தணும்."

"அப்ப தொடாதீங்க" என்றார். அன்று அவர் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

பதினோரு நாள் தொடவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். காலையில் வந்து, இரண்டடி தள்ளி நின்று, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவேன். ஒருநாளும் அணையவில்லை.

அறுபதாம் நாள், ஜாடியிலிருந்து கடைசிச் சோதனை மாதிரியை எடுத்து முடித்ததும் ஆய்வுக்கூட இயக்குநர் வந்தார். "இதுலதான தினமும் ஏதோ கோளாறுன்னாங்க? யாரு சரி பண்ணது?" என்று கேட்டார்.

"கண்டுபிடிச்சது அண்ணாதான் சார்" என்றார் டீச்சர்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலை நிமிரவில்லை.