பீரோ மேலிருந்த குப்பி

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் பேசும். அன்றைக்கு எல்லாப் பாத்திரமும் பேசியது.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காகப் படிகம் வளர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூலக்கூறுகள். ஒன்று ஹைட்ரஜனை நீட்டும், மற்றது அதைப் பிடித்துக்கொள்ளும். நீட்டுகிற இடமும் பிடிக்கிற இடமும் பொத்தானும் காஜாவும் போலப் பொருந்தினால், எப்படிப்பட்ட படிகம் வரும் என்று முன்கூட்டியே வரைந்துவிடலாம். நானும் வரைந்தேன். காகிதத்தில் அத்தனை அழகு! குப்பியில் மட்டும் ஒவ்வொரு முறையும் வெறும் மாவு. என் எக்ஸ்ரே ஆய்வுக்கு மாவு உதவாது. தெளிவாக ஒரு படிகமாவது வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை.

பொங்கலுக்கு லேபைப் பூட்டிவிட்டார்கள். கடைசிக் குப்பியைத் திண்டிவனம் பஸ்ஸில் மடியில் வைத்தபடி, ஒலக்கூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தேன். கரைசலிலுள்ள எத்தனால் மெல்ல ஆவியாகி அடியில் படிகம் தங்கட்டும் என்று மூடியில் ஊசித் துளைகள். "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அமாவாசைக்கு மேல்மலையனூர் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், குப்பி நிறைந்திருக்கிறது.

"காஞ்சி போய்க்கினு இருந்துச்சும்மா" என்றார் என் கணவர். "கொல்லையில மல்லாட்டைச் செடி வாடினாலே எனக்கு மனசு கேக்காது. இது உன் சாமானாச்சே. அதான் கொஞ்சூண்டு தண்ணி ஊத்தினேன்."

"காயணும்னுதாங்க வச்சேன்! என் பொழப்பையே கெடுத்துட்டீங்களே!"

அழுது தீர்த்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பாவம், டீ போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துபோவார்.

கொட்டவும் மனமில்லாமல் விட்டிருந்த குப்பியை, விடுமுறை முடிந்த அன்று எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடிக் கல்கண்டு போல மினுக்கியது. ஐயோ, படிகம்! எக்ஸ்ரே முடிவு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நேராகக் கைகோக்க முடியாமல் நின்ற இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து, ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. சபையில் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தேன்.

வாய்மொழித் தேர்வன்று இஸ்திரிச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணீர் சேர்த்தது யாருடைய யோசனை?" என்று தேர்வாளர் கேட்டார்.

"என் வீட்டுக்காரர்தாங்க சார் ஊத்தினார். அதோ, உக்காந்திருக்கார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதறி எழுந்து கைகூப்பினார்.

"தப்பு என்னுதுதாங்க சார். அவங்களுக்கு மார்க் கொறச்சிடாதீங்க."